அஜிதாவின் ரிசல்ட் அஜிதாவுக்கு

நீங்கள் இந்த வேலைக்கு வந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. ரத்தம் எப்படி எடுப்பது, பதிவேட்டில் எதை எழுதுவது, மாத அறிக்கையை யாருக்கு அனுப்புவது எல்லாம் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். நான் அதற்குள் போகவில்லை. குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம், ஓர் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வருகிறவர்களோடு, பரிசோதனைக்கு முன்பும் பின்பும் உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலையாக இருந்தது.

பயத்தோடு வருகிறவர்களை எப்படி உட்கார வைப்பது என்று உங்களுக்கு யாராவது சொல்லித் தருவார்கள். வெட்கத்தோடு வருகிறவர்களைப் பற்றியும் சொல்வார்கள். பொறாமையோடு வருகிறவர்களைப் பற்றி மட்டும் நான் போன எந்தப் பயிற்சியிலும் யாரும் வாய் திறந்ததில்லை. ஆனால் என் மேசைக்கு எதிரே அவர்கள் நிறைய வந்திருக்கிறார்கள். அதில் ஒரு தம்பதியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பெயர்களையும் அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். பேசிய பேச்சை மாற்றவில்லை.

அது ஒரு திங்கட்கிழமை காலை. வெளிநோயாளிகள் வரிசை படிக்கட்டு வரை நின்றது. என் அறைக்குள் முதலில் வந்தது செல்வின். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். இஸ்திரி போட்ட சட்டை, கையில் பெரிய போன். அவருக்குப் பின்னால் அவர் மனைவி அஜிதா. உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"இவளுக்கு எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கணும் மேடம். ரிசல்ட்ட எனக்க கையில தரணும்" என்றார் செல்வின்.

நான் அஜிதாவைப் பார்த்து, "உங்க பேரு என்ன?" என்றேன். செல்வின் பதில் சொன்னார். "என்ன வேல பாக்கீங்க?" என்றேன். அதற்கும் அவர்தான் பதில் சொன்னார். "மார்த்தாண்டத்துல ஒரு கண்ணாடிக் கடையில நிக்கா. இனி நிக்க மாட்டா."

அஜிதா சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பதியாக வந்தாலும் தனித்தனியாகப் பேசுவதுதான் நம் வழக்கம். அதைச் சொன்னேன். "அவ தனியா பேசினா கள்ளம் பறைவா, உள்ளதச் சொல்ல மாட்டா" என்றார். "முதல்ல உங்களிட்டதான் பேசப்போறேன்" என்றதும் அவருக்குக் கொஞ்சம் திருப்தியாயிற்று. அஜிதா எழுந்து வெளியே போனாள். அவள் எந்தப் பெஞ்சில் உட்காருகிறாள், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று செல்வின் எட்டிப் பார்த்தார். ஒரு கிழவி மட்டும் இருப்பதைக் கண்டபிறகுதான் திரும்பினார். நான் கதவைச் சாத்தினேன். ஆள் என் முன்னால் இருந்தார், காது மட்டும் வெளியே இருந்தது.

"உங்க வீட்டம்மாவுக்கு எதுக்கு டெஸ்ட்?"

அவர் போனை என் பக்கம் திருப்பினார்.

அவர்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை நேரலையாக இணையத்தில் போடுவார்கள். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் பார்ப்பதற்காக யாரோ நல்ல மனதோடு தொடங்கியது. அஜிதா பாடகர் குழுவில் இருந்தாள். மூன்று வருடமாகச் செல்வின் மஸ்கட்டில் அறையில் இருந்து ஒரு ஞாயிறு விடாமல் அதைப் பார்த்திருக்கிறார். பிரசங்கம் கேட்பதற்கல்ல. அவள் யார் பக்கத்தில் நிற்கிறாள், மைக்கை யார் கையிலிருந்து வாங்குகிறாள், பாட்டு முடிந்ததும் எந்தப் பக்கம் பார்க்கிறாள் என்று பார்ப்பதற்கு. சந்தேகம் வந்த இடங்களை எல்லாம் துண்டு துண்டாக வெட்டி போனில் சேர்த்து வைத்திருந்தார்.

ஒன்றைப் போட்டுக் காட்டினார். வெள்ளைச் சேலை கட்டிய பெண்கள் இரண்டு வரிசையாக நின்று பாடுகிறார்கள். பாட்டு முடிகிறது. அஜிதா புத்தகத்தை மூடி நிமிர்ந்து ஒரு கணம் சிரிக்கிறாள். அவ்வளவுதான்.

"பாத்தியளா? கீபோர்டு வாசிக்கவனப் பாத்துச் சிரிக்கா."

"கீபோர்டு எங்கண இருக்கு?"

"அது படத்துல வராது. இந்தப் பக்கம் இருக்கும்."

அவள் யாரைப் பார்த்துச் சிரித்தாள் என்று காமிரா காட்டவில்லை. அந்தக் காட்டாத இடத்தில்தான் இந்த மனிதர் மூன்று வருடம் குடியிருந்திருக்கிறார். கடைசியில் விடுமுறை சொல்லி, வீட்டுக்குச் சொல்லாமல் விமானம் ஏறி, ஒரு மத்தியானம் வந்து நின்றிருக்கிறார். வீட்டில் அஜிதா தனியாகத் துணி மடித்துக்கொண்டிருந்தாளாம். அது அவருக்கு ஏமாற்றமாக இருந்தது என்பது அவர் சொன்ன விதத்திலேயே தெரிந்தது. வந்த நாளிலிருந்து சண்டை. வந்த நாளிலிருந்து தனித்தனிப் படுக்கை.

"சரி. டெஸ்ட் எடுத்து, இல்லைன்னு வருதுன்னு வச்சுக்கிடுவோம். உங்களுக்குச் சமாதானம் ஆகுமா?" என்று கேட்டேன்.

யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். பிறகு சொன்னார்: "அவன் உறை போட்டிருந்தா இல்லைன்னுதானே வரும் மேடம்?"

"அப்பம் இந்த டெஸ்ட் எதுக்கு?"

இந்த இடத்தைக் கவனியுங்கள். இருக்கிறது என்று வந்தால் அவள் குற்றவாளி. இல்லை என்று வந்தால் சாமர்த்தியமான குற்றவாளி. நம் பரிசோதனைக் கிட்டில் இரண்டு கோடு விழுமா ஒரு கோடு விழுமா என்று மட்டும்தான் தெரியும். ஒரு பெண் யாரைப் பார்த்துச் சிரித்தாள் என்று அதற்குத் தெரியாது. இதை நான் அவரிடம் சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை.

அடுத்துக் கேட்டது எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். கூட்டி வந்தவர் என்பதற்காக யாரையும் நான் விட்டதில்லை. நீங்களும் விடாதீர்கள். "உங்களுக்கு எப்படி? உங்களுக்கு ஆபத்து வாற மாதிரி ஏதாவது உண்டா?"

"எனக்கு எதுக்கு? ஒவ்வொரு தடவ விசா புதுக்கும்பமும் மெடிக்கல் பாஸாக்கும்."

"அது அங்க. இங்க வந்த பெறகு?"

கட்டைவிரலால் போனின் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். வெளியே மருந்தகத்தில் டோக்கன் எண்ணைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. நான் அவசரப்படுத்தவில்லை.

"அவ போனா எனக்கும் போலாம்லா" என்றார்.

"எப்பம் போனீங்க?"

"சனிக்கிழம."

பழைய கூட்டாளி ஒருவனோடு கேரள எல்லையைத் தாண்டிப் போய், ஒரு லாட்ஜில். பாதிச் சொற்களை அவர் விழுங்கினார். விழுங்கியதை நான் ஒவ்வொன்றாகக் கேட்டு வெளியே எடுத்தேன். என்ன வகையான உறவு, ஆணுறை இருந்ததா, முழு நேரமும் இருந்ததா, புண் எதுவும் இருந்ததா, எவ்வளவு குடித்திருந்தார், அந்தப் பெண்ணைப் பற்றி ஏதாவது தெரியுமா. ஆணுறை இல்லை. பெண்ணின் பெயர்கூடத் தெரியாது. கடைசியாக, மிக முக்கியமாக ஒன்று கேட்டேன்: அதற்குப் பிறகு அஜிதாவோடு? "இல்ல. அவதான் வேற முறியில கெடக்காளே" என்றார்.

அந்த நிமிடத்தில் என் முன்னால் இருந்த கேஸ் மாறிவிட்டது. மனைவியைப் பரிசோதிக்க வந்த கணவன் இல்லை அவர். சனிக்கிழமை மாலையில் ஆபத்துக்கு உள்ளாகி, திங்கட்கிழமை காலையில், தனக்கு நேரம் ஓடிக்கொண்டிருப்பது தெரியாமல் உட்கார்ந்திருக்கிற மனிதர். தடுப்பு மருந்தை எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அதற்குள் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு நல்லது. அது நாகர்கோவிலில், எச்.ஐ.வி. மருந்துகள் கொடுக்கிற ஏ.ஆர்.டி. மையத்தில் கிடைக்கும். நம் மையத்தில் கிடையாது.

எளிய பேச்சில் சொன்னேன். "இன்னைக்கு உங்களுக்க ரத்தத்தப் பாத்தா சனிக்கிழமையப் பத்தி ஒண்ணும் தெரியாது. கிருமி உள்ள வந்திருந்தாலும் டெஸ்டுல தெரியதுக்குச் சில வாரம் ஆவும். ஆனா இப்பமே மருந்து தொடங்கினா அது உள்ள நிலைக்காம தடுக்கதுக்கு நல்ல வாய்ப்பு உண்டு. இருபத்தெட்டு நாளு விடாம சாப்பிடணும். மூணு மாசம் கழிச்சு உள்ள டெஸ்டு வரைக்கும் வீட்டுலயும் பாதுகாப்பு இல்லாம கூடாது. ஒரு தடவையில எல்லாருக்கும் வரும்ணு இல்ல. வராதுன்னு சொல்லவும் முடியாது."

முகம் வெளுத்தது. ஆனால் அவர் சொன்னது இது: "அது பெறகு பாக்கலாம். முதல்ல அவளுக்கு எடுங்க."

"ஏன் முதல்ல அவங்களுக்கு?"

"அவளுக்கு உண்டுன்னா, நான் செய்தது தப்பில்லல்லா."

இந்த வேலையில் நான் கேட்ட வாக்கியங்களில் மறக்க முடியாத ஒன்று இது. மனைவிக்கு நோய் இருக்க வேண்டும் என்று ஒரு மனிதர் விரும்புகிறார். அவள் மேல் வெறுப்பினால்கூட இல்லை. அவள் தவறு செய்யவில்லை என்றால் அந்த வீட்டில் தவறு செய்த ஒரே ஆள் தான்தான் என்பது அவருக்குத் தெரிந்துபோயிற்று.

பிறகு பேரம் தொடங்கியது. "அவளுக்க ரிசல்ட்ட எனக்க கையில தருவேன்னு சொல்லுங்க. நான் நாகர்கோயிலுக்கும் போறேன், நீங்க சொல்லுத மருந்தும் தின்னுதேன். இல்லன்னா நான் ஒண்ணுக்கும் இல்ல." எழுந்தேவிட்டார். கை கதவில் இருந்தது.

இங்கேதான் உங்கள் தலை வேலை செய்ய வேண்டும். பயிற்சியில் படித்த விதி தெரியும்: அவள் சம்மதம் இல்லாமல் பரிசோதனை இல்லை, அவள் அனுமதி இல்லாமல் அவள் ரிசல்ட் யாருக்கும் இல்லை. சட்டமும் அதுதான். ஆனால் விதியை அவர் முகத்தில் எறிந்தால் அவர் போய்விடுவார். நாளை மாலையோடு அவருக்கு மருந்தின் வாசல் மூடிவிடும். அந்த மனிதர் பிறகு என்றோ ஒரு நாள் சமாதானமாகி அஜிதாவின் அறைக்குப் போவார். "சரி, தருகிறேன்" என்று சும்மா சொல்லி அவரை அனுப்பிவிட்டுப் பிறகு மறுத்துவிடலாமா என்றுகூட ஒரு யோசனை ஓடியது. அதைத் தள்ளிவிட்டேன். நம் அறையில் ஒரு பொய் சொன்னால் பிறகு அந்த அறை நமக்கு மிஞ்சாது.

"செல்வின், ஒரு காரியம் கேக்கேன். அஜிதா இப்பம் உள்ள வந்து, உங்களிட்ட என்ன பேசினேன்னு கேட்டா, நான் சனிக்கிழமைய சொல்லணுமா?"

கதவிலிருந்து கை இறங்கியது. "மேடம், சொல்லப்பிடாது."

"சொல்ல மாட்டேன். அவங்க அழுதாலும் சொல்ல மாட்டேன். அவங்களுக்குள்ளத உங்களிட்டச் சொல்லுத ஆளா நான் இருந்தா, உங்களுக்குள்ளத இதுக்குள்ள அவங்களிட்டச் சொல்லியிருப்பேம்லா? எது வேணும் உங்களுக்கு?"

நின்றார். பிறகு வந்து உட்கார்ந்தார். மருந்து தொடங்குவதற்கு முன் அவருக்கும் ஒரு பரிசோதனை வேண்டும் என்று சொல்லி ரத்தம் எடுக்க அனுப்பினேன்.

அந்த இடைவெளியில் அஜிதா வந்தாள். கதவு சாத்தியதும் நாற்காலியில் முழுதாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். வெகு நாள் கழித்து உட்கார்ந்தவள் போல இருந்தது.

"படத்தக் காட்டினாரா அக்கா?"

"காட்டினாரு."

"எதக் காட்டினாரு, சிரிச்சதா, சிரிக்காததா?"

"சிரிக்காததும் உண்டா?"

"உண்டு. முதல்ல, அந்தப் பக்கம் ஏன் பாத்தேன்னு சண்ட. சரி போட்டுன்னு நான் பாட்டுப் புஸ்தகத்த விட்டுத் தல தூக்கல்ல. ஏழெட்டு மாசம் தல தூக்கல்ல. அதுக்கு என்ன சொன்னாரு தெரியுமா? ஏன் அந்தப் பக்கம் பாக்கவே இல்ல, என்னத்த மறைக்கதுக்குன்னு." சிரிக்க முயன்றாள். "சொன்னா நம்ப மாட்டிய. முதல் வருஷம் எனக்கு அது பிடிச்சிருந்து. அங்க தூரத்துல கெடந்துக்கிட்டு, நான் என்ன சேல உடுத்திருக்கேன்னு கவனிக்காரேன்னு. பெறகுதான் எனக்கு மூச்சு முட்டிச்சு."

அவளிடமும் அதே கேள்விகளைக் கேட்டேன். அவள் முகம் மாறியது. "நீங்களும் கேக்குதியளா?"

"இந்த நாற்காலியில யாரு இருந்தாலும் கேப்பேன். பதில் இந்த அறைக்கு வெளிய போவாது. டெஸ்டு வேணுமா வேண்டாமான்னும் நீங்கதான் சொல்லணும். அவரு கூட்டிட்டு வந்தாருன்னு எடுக்க மாட்டேன்."

பதில் சொன்னாள். என்ன பதில் என்று நான் உங்களுக்கும் சொல்லப் போவதில்லை. டெஸ்ட் பற்றி, "யோசிக்கேன் அக்கா" என்றாள்.

செல்வினுடைய முடிவு வந்தது. அன்றைய நிலவரத்தில் கிருமி இல்லை. தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். நான் பயந்தது நடந்தது. ஆள் நிமிர்ந்துவிட்டார். "பாத்தியளா! எனக்கு ஒண்ணும் இல்ல." மறுபடியும் தொடக்கத்திலிருந்து: இது சனிக்கிழமைக்கு முந்தைய கதை மட்டுமே, சனிக்கிழமையைப் பற்றி இந்தச் சோதனைக்கு இன்னும் தெரியாது, இன்றே போக வேண்டும். தலையாட்டினார். பரிந்துரைச் சீட்டை வாங்கிக்கொண்டார். பிறகு வாசலில் நின்று, "நாளைக்குப் போறேன்" என்றார்.

"ஏன் நாளைக்கு?"

தயங்கினார். "நான் இப்பம் நாகர்கோயிலுக்குப் போனா இவ தனியா பஸ்ஸில வீட்டுக்குப் போவா. புதுக்கடையில எறங்கி நடக்கணும். அந்தக் கீபோர்டுக்காரனுக்க ஸ்டுடியோ அங்கதான்."

எனக்கு வந்த கோபத்தை நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தேன். தன் உயிரைக் காப்பாற்றும் மருந்துக்கும், புதுக்கடை சந்திப்பில் மனைவி நடக்கப்போகிற கொஞ்ச தூரத்துக்கும் நடுவில் ஒரு மனிதர் நின்று, இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கிறார். முட்டாள் என்று நினைப்பது எளிது. நினைத்தால் நீங்கள் அவரை இழந்துவிடுவீர்கள். அவருக்கு அது நோவு. பல்வலிக்காரனிடம் உலக நடப்புப் பேசினால் கேட்பானா?

"அப்போ ரெண்டு பேருமாப் போங்க. பைக்குல தானே வந்தீங்க?"

"என்னன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போவேன்?"

"உள்ளதச் சொல்லி."

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியவில்லை. சொன்னால் அவள் முன்னால் தான் சிறுத்துப்போவார். சொல்லாவிட்டால் அவளைத் தனியாக விட வேண்டும். கடைசியில் எது வென்றது தெரியுமா? வீரமோ நேர்மையோ இல்லை. அந்தப் பொறாமையேதான். அவளைத் தனியாக விட முடியாததால் உண்மையைச் சொல்ல ஒத்துக்கொண்டார். எந்தக் கதவு திறந்திருக்கிறதோ அதன் வழியாகத்தான் நாம் ஆளை வெளியே கொண்டுவர வேண்டும்.

"நீங்க சொல்லுங்க மேடம்."

"நான் பக்கத்துல இருப்பேன். சொல்லுதது நீங்க."

அஜிதாவைக் கூப்பிட்டேன். செல்வின் தரையைப் பார்த்தபடி சொன்னார். சனிக்கிழமை, லாட்ஜ், குடித்தது, மருந்து, நாகர்கோவில். ஐந்தாறு வாக்கியம்தான். சொல்லி முடித்ததும் நான் எதுவும் பேசவில்லை. இந்த இடத்தில் பேசத் தோன்றும். பேசாதீர்கள்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். எழுந்து போவாள் என்றும் நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"எப்பிடி இருப்பா?"

செல்வின் தலை தூக்கவில்லை. "ஓர்ம இல்ல."

"மூணு வருஷத்துக்கு முந்தி ஒரு ஞாயித்துக்கிழம நான் குத்தியிருந்த ஊக்குக்க நெறம் உங்களுக்கு ஓர்ம உண்டு. முந்தாநாளு கூடக் கெடந்தவள ஓர்ம இல்லியா?"

அவர் அழத் தொடங்கினார். அவள் அழவில்லை. அவள் முகத்தில் அதுவரை நான் பார்க்காத ஒன்று வந்திருந்தது. காலையில் செல்வினின் முகத்தில் பார்த்த அதேதான். முகம் தெரியாத ஒருத்தியை அவள் தன் மனதில் வரைந்துகொண்டிருந்தாள். வயது, நிறம், சிரிப்பு. இனி அந்தப் படம் இவளுக்கும் ஓடும் என்று எனக்குத் தெரிந்தது. அதற்கு நம்மிடம் மருந்து இல்லை.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "எனக்கும் எடுங்க அக்கா. ஆனா எனக்கிட்ட மட்டும் சொல்லணும்."

ரத்தம் எடுத்தோம். முடிவு வரும்வரை இருவரும் பெஞ்சின் இரண்டு கோடியில் உட்கார்ந்திருந்தார்கள். அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். சீட்டை மடித்துக் கைப்பையின் உள்ஜிப்பில் வைத்து மூடினாள். வெளியே வந்ததும் செல்வின் எழுந்தார்.

"என்னவாம்?"

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"காட்டு, பாப்பம்."

"காட்ட மாட்டேன். இன்னைக்கு இதக் காட்டினா நாளைக்கு வேற ஒண்ணு கேப்பிய. காட்டிக் காட்டி எனக்கு மதியாச்சு, போதும். வண்டிய எடுங்க, அங்க அடைக்கதுக்கு முன்ன போவணும்."

அப்படியே போனார்கள். நான் நாகர்கோவில் மையத்தில் இருந்த தோழிக்கு, இரண்டு பேர் வருகிறார்கள், அவசரம் என்று போன் செய்தேன். மத்தியானம் கழிந்து அவளே கூப்பிட்டாள்: "முதல் மாத்திரைய இங்கயே முழுங்க வச்சாச்சு. கூட வந்த பொம்பளதான் தண்ணி பாட்டிலத் திறந்து குடுத்தா. ரெண்டு பேரும் ஒரு வார்த்த பேசல்ல."

திரும்பி வருகிற வழியில் அஜிதா தன் அம்மா வீட்டில் இறங்கிக்கொண்டாள் என்பது பிறகு தெரிந்தது.

இருபத்தெட்டு நாளும் செல்வின் மருந்து சாப்பிட்டார். முதல் வாரம் குமட்டல் என்று நிறுத்தப் பார்த்தார். நான் போனிலேயே பேசித் தொடர வைத்தேன். விடுமுறை முடிந்தது. மஸ்கட்டுக்குப் போகவில்லை. ஆறு வாரத்துப் பரிசோதனைக்கு வந்தார். அதிலும் கிருமி இல்லை. ஆனால் ஒவ்வொரு முறை வரும்போதும், போகிற நேரத்தில் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அதையேதான் கேட்பார்.

"மேடம், அவளுக்கு என்ன ரிசல்ட்டு? வாயால சொல்லண்டாம். தலைய ஆட்டினா போதும்."

"அஜிதாவுக்க ரிசல்ட்டு அஜிதாவுக்கு."

"எனக்கு ஆபத்துன்னா நீங்க சொல்லியிருப்பியல்லா? அப்பம் இல்லன்னுதானே அர்த்தம்?"

ஆள் கெட்டிக்காரர். துணைக்கு ஆபத்து இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு நமக்குத் தனி வழிமுறை இருக்கிறது, அதை நீங்கள் படித்திருப்பீர்கள். அந்தப் பக்கமும் நான் அவருக்கு வழி விடவில்லை. "அவங்களிட்ட கேளுங்க" என்றேன்.

"கேட்டா போன வச்சிருதா."

ஒரு முறை மட்டும் வேறொன்று சொன்னார். அஜிதா மறுபடியும் பாடகர் குழுவில் பாடத் தொடங்கிவிட்டாள் என்றும், இப்போது தான் நேரலை பார்ப்பதில்லை என்றும். "பாக்காம இருக்க முடியுதா?" என்று கேட்டேன். "ஞாயித்துக்கிழம காலம்பற போன எங்கம்மைக்க கையில குடுத்திருவேன். அவிய அரிசிப் பானைக்குள்ள போட்டு மூடி வப்பாவ. பதினொண்ணு மணி வரைக்கும் நான் முற்றத்துல சும்மா நடப்பேன்" என்றார். நான் சிரிக்கவில்லை. குடிகாரர்கள் குடியை விடுவதைப் பார்த்திருக்கிறேன். இதுவும் அப்படித்தான் இருந்தது.

மூன்றாம் மாதத்துப் பரிசோதனைக்கு இருவரும் வந்தார்கள். வேறு வேறு பஸ்ஸில். அஜிதாவை நான் வரச் சொல்லவில்லை. செல்வின் சொல்லியிருக்கிறார்.

முடிவைச் சொன்னேன். கிருமி இல்லை, சனிக்கிழமையின் கணக்கு முடிந்தது. அப்போது செல்வின், நான் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். சீட்டை என் கையிலிருந்து வாங்கி, தான் படிக்காமலே அஜிதாவிடம் நீட்டினார்.

அவள் வாங்கினாள். மேலிருந்து கீழ் வரை பொறுமையாகப் படித்தாள். மடித்து அவர் சட்டைப் பையில் திரும்ப வைத்தாள். அவர் காத்திருந்தார். கொடுத்தவன் எதிர்பார்ப்பது போலக் காத்திருந்தார். அவள் கைப்பையைத் திறக்கவில்லை.

"உனக்குள்ளது?" என்றார்.

"அதக் கேக்காம இருக்க முடியுமான்னு பாருங்க" என்றாள் அஜிதா. கோபமாகச் சொல்லவில்லை. "முடியும்ணு தோணுத அண்ணைக்கு அம்மை வீட்டுக்கு வாங்க. வந்து என்னயக் கூட்டிட்டுப் போங்க. கேட்டுக்கிட்டு வரண்டாம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அழுத்தினேன். ஆலோசகராக நான் செய்ய வேண்டியது அத்தோடு முடிந்திருந்தது. மீதி அவர்களுடையது. அது எங்கே முடிகிறது என்று தெரிந்துகொள்வதும் இந்த வேலையில் ஒரு பாதி. இல்லையென்றால் வருகிறவர்களின் வீட்டுக்குள்ளேயே நாம் போய் உட்கார்ந்துவிடுவோம்.

நான் ஓய்வு பெற்ற பிறகு, தேங்காய்ப்பட்டணம் போகிற வழியில் மீன் சந்தையில் அஜிதாவைப் பார்த்தேன். வெளியிடத்தில் நாமாகப் பேசக் கூடாது என்பது நம் பழக்கம். நான் முகம் திருப்பிக்கொண்டேன். அவளே வந்து கையைப் பிடித்தாள்.

"அக்கா, ஓர்ம உண்டா? நாங்க இப்பம் ஒண்ணாதான் இருக்கோம். மார்த்தாண்டத்துல ஏ.சி. கட போட்டிருக்காரு."

"கேக்காரா?" என்றேன்.

"வாயி கேக்கல்ல. ரெண்டு வருஷமாச்சு, ஒரு தடவகூட கேக்கல்ல. கண்ணு கேக்கும். சில நேரம் நான் பேக்கத் திறக்கும்பம் அங்கயே பாத்துக்கிட்டு நிப்பாரு. பெறகு அவரே திரும்பிருவாரு." நெத்திலிக்காரி இவள் கூடையில் அள்ளிப் போட்டாள். அதைச் சரிசெய்துவிட்டு அஜிதா நிமிர்ந்தாள். "எனக்கும் ஒண்ணு கேக்காம கெடக்கு அக்கா. அந்தச் சனிக்கிழமையில உள்ளவளப் பத்தி."

"ஓர்ம இல்லன்னாருல்லா?"

"அண்ணைக்குச் சொன்னாரு. இப்பம் கேட்டா உள்ளதச் சொல்லுவாரு" என்றாள். "அதனாலதான் கேக்கல்ல."